தாத்தா காருக்குப் புதுச் சட்டை!

கொல்லைப்புறத்தில் கிடக்கும் பழைய இரும்பு வாளியை ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள், குட்டீஸ். கைப்பிடி நன்றாக இருக்கும். வாய்ப்பக்கமும் பரவாயில்லாமல் இருக்கும். அடிப்பக்கம் மட்டும் சல்லடையாகி இருக்கும். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ, அங்கேதான் துருவுக்குக் கொண்டாட்டம்!

கார்களுக்கும் இதே கதிதான். மேலே பெயின்ட் பளபளவென்று மின்னும். அடியில் படுத்துப் பார்த்தால், தரைத் தகடு அப்பளம் போல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அந்தத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு பொருத்தி, வெல்டிங் செய்து காரை மறுபடி ரோட்டில் ஓட வைக்கின்றனர் சிலர். நம் ஊர் பட்டறைகளில் 'டிங்கரிங்' என்கிறோமே, அந்த வேலைதான். ஆனால், 60, 70 வயதான கார்களுக்கு அதைச் செய்யும்போது, கிட்டத்தட்ட ஆபரேஷன் ஆகிவிடுகிறது. தப்பான இடத்தில் வெட்டினால், நோயாளி எழுந்து நடக்கவே மாட்டார்!

பழைய கார்களைச் செல்லப் பிள்ளைகளைப் போல் வளர்ப்பதில் பிரிட்டன்காரர்கள் கில்லாடிகள். அவர்களுடைய செல்லங்களில் ஒன்று, 'மோரிஸ் மைனர்' கார். மைனர் என்றதும், கழுத்தில் தங்கச் சங்கிலியும், பட்டு ஜிப்பாவும் போட்ட சினிமா மைனர் ஞாபகம் வருகிறதா? இது அந்த மைனர் இல்லை. ஆங்கிலத்தில் 'சிறியது' என்று அர்த்தம். அவ்வளவுதான்.

இந்தக் காருக்கு எப்படித் தகடு மாற்றுகின்றனர் என்பதைப் பார்ப்பதற்கு முன், அதன் பிறந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அதிலேயே ஒரு வெட்டு, ஒட்டு இருக்கிறது!

கொசு... முட்டை... ரம்பம்!

மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1906ல், இன்றைய துருக்கியில் உள்ள இஸ்மீர் நகரில் பிறந்தவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற 'மினி' காரை உருவாக்கியவரும் இவரே. மைனர் உருவாகிக் கொண்டிருந்தபோது அதற்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'மாஸ்கிட்டோ!' அதாவது, கொசு.

கம்பெனியை நிறுவிய நஃப்பீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை. உருண்டு திரண்ட அதன் உருவத்தைப் பார்த்து, உடைத்து ஊற்றி வேக வைத்த முட்டை போல் இருக்கிறது என்று கேலி செய்தார்.

இஸிகோனிஸுக்கும் ஒரு குறை உறுத்திக் கொண்டே இருந்தது. கார் ரொம்ப ஒல்லியாகத் தெரிந்தது. 1947ம் ஆண்டின் கடைசி. விற்பனைக்குத் தயாராக வேண்டிய நேரம். வேறு யாராக இருந்தாலும், 'இனிமேல் என்ன செய்வது' என்று விட்டிருப்பார்கள். அவரோ மாதிரிக் காரை மூக்கிலிருந்து வால் வரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தனர் தொழிலாளர்கள். தள்ளி நின்று பார்த்துக் கொண்டே இருந்தார் இஸிகோனிஸ். இடைவெளி 4 அங்குலம் ஆனதும், 'இதுதான் சரி' என்று நிறுத்தினார்.

இதனால், ஒரு வேடிக்கை நடந்தது. ஒல்லிக் காருக்கான பம்பர்கள் ஏற்கெனவே செய்து தயாராக இருந்தன. அவற்றைத் தூக்கி எறிய முடியுமா? ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, 4 அங்குல ஒட்டுத் துண்டு வைத்தனர். ஆரம்பகால மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டைப் பார்க்கலாம். பானெட்டின் நடுவே நெடுக ஓடும் பட்டையான பகுதியும் இந்த 4 அங்குலத்தின் அடையாளமே.

1948 அக்டோபரில், லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கார் கண்காட்சியில் அறிமுகமானது மோரிஸ் மைனர். கேலி செய்யப்பட்ட அந்த 'முட்டை' சக்கைப்போடு போட்டது. பிரிட்டனில் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் மாடல் அதுதான். அதைக் கொண்டாட, இளம் ஊதா நிறத்தில் சுமார் 350 சிறப்புக் கார்களைத் தயாரித்தனர். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது, சுமார் 16 லட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. நம் நாட்டிலும் 1950களில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இதே கார் விற்பனையானது. 2014 வரை தயாரான நம் அம்பாசடர் காரும், மைனரின் அண்ணனான 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' காரின் மறு உருவம்தான்.

எலும்பு எங்கே?

லாரிகளின் அடியில் இரண்டு நீளமான இரும்பு உத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு 'சேஸிஸ்' என்று பெயர். பாரம் முழுவதையும் தாங்கும் எலும்புக்கூடு அது. மோரிஸ் மைனர் காரில் அப்படித் தனி எலும்புக்கூடு கிடையாது. மெல்லிய தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, உடம்பையே எலும்பாக்கி விட்டனர். நண்டுக்கு ஓடுதானே எலும்பு... அது மாதிரி! இப்போது ஓடும் பெரும்பாலான கார்களும் இதே வகைதான்.

தகட்டின் கனம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 1 மில்லி மீட்டர்தான். நாலு தபால் அட்டையை அடுக்கி வைத்த கனம்! இதுவா ஒரு காரைத் தாங்கும்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்து, நடுவே ஒரு தபால் அட்டையைப் பாலம் போல் போடுங்கள். அதன் மேல் இரண்டு பேனாவை வையுங்கள். தொப்பென்று வளைந்து விடும். அதே அட்டையின் நீளமான இரு ஓரங்களையும் ஓர் அங்குலம் மடித்து, தண்ணீர் போகும் தகரத் தவாளி போல் செய்து மறுபடி வையுங்கள். இப்போது அசையாமல் தாங்கும். கனம் மாறவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது.

காரில் இப்படிப்பட்ட பெட்டி வடிவங்களில் முக்கியமானது, கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பகுதி. வீட்டு வாசற்படி மாதிரி இருப்பதால், அதற்கு ஆங்கிலத்திலும் வாசற்படி என்று அர்த்தம் தரும் 'சில்' என்றே பெயர். காரில் ஏறும்போது நாம் காலால் மிதித்துத் தாண்டும் இடம். நடுவில் கார் தொய்ந்து போகாமல் தாங்கிப் பிடிப்பது இதுதான். துருவுக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்!

ஏன் தெரியுமா? முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறும், தண்ணீரும் நேராக இங்கே வந்து சேருகின்றன. உள்ளே வெற்றுப் பெட்டி. போன தண்ணீர் சீக்கிரம் காயாது. போதாக்குறைக்கு, பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனிக்கட்டி உருக, உப்பைக் கொட்டுகின்றனர். இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தாலே துரு உண்டாகும். உப்பும் சேர்ந்து கொண்டால், அது நடக்கும் வேகம் பல மடங்காகி விடும். துரு, இரும்பை விட அதிக இடத்தை அடைக்கும். அதனால், ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்துவிட்டால், ஆப்பு அடித்தது போல் அவற்றைப் பிளந்து விடும்.

காந்தம் சொல்லும் உண்மை

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தத்தை, மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போவார்கள். பெயின்ட் மேல் அதை மெதுவாக நகர்த்துவர். இரும்பு உள்ள இடத்தில் 'சட்'டென்று ஒட்டும். ஒட்டாமல் வழுக்கினால், அங்கே இரும்பு இல்லை, 'பட்டி' இருக்கிறது!

பட்டி என்பது, சின்னச் சின்ன பள்ளங்களைச் சமப்படுத்தப் பூசும் பசை. அளவோடு பூசினால் தவறில்லை. ஆனால், ஓட்டையில் பத்திரிகைக் காகிதத்தைத் திணித்து, மேலே கனமாகப் பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்று விடுகிற ஆசாமிகளும் உண்டு. பார்க்க ஜோராக இருக்கும். விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? காகிதமா தாங்கும்? ஸ்பிரிங் பட்டையையும், சீட் பெல்ட்டையும் பிடித்துக் கொண்டிருப்பது அந்தத் தகடுகள்தானே! இப்படிச் செய்வது வெறும் ஏமாற்று வேலை அல்ல, உயிரோடு விளையாடுவது.

அதனால்தான் பிரிட்டனில் 1960ல், 10 வயதைத் தாண்டிய கார்களுக்குப் பரிசோதனையைக் கொண்டு வந்தனர். பின்னர் வயது வரம்பை 3 ஆண்டாகக் குறைத்தனர். சக்கரங்களைத் தாங்கும் பாகங்களும், சீட் பெல்ட்டும் உடம்போடு சேரும் இடத்திலிருந்து 30 செ.மீ., தூரத்துக்குள், தகடு பலமிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால், 'பெயில்'தான். அங்கே ஒட்டுப் போட்டால், சுற்றிலும் விடாமல் வெல்டிங் தையல் இருக்க வேண்டும். பசை, பட்டி எதுவும் செல்லாது.

வெட்டும் முன் கட்டு!

சரி, துரு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாயிற்று. உடனே அறுக்க ஆரம்பித்து விடலாமா? கூடவே கூடாது!

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவர். பெட்ரோல் டாங்க்கை இறக்கி, தூரமாக வைப்பர். சீட், மிதியடி எல்லாம் வெளியே போகும். ஒரு பொறி விழுந்தால் போதும்... கார் சாம்பலாகி விடும். தீயணைப்பு உருளை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

அடுத்து, மட்கார்டுகள். மோரிஸ் மைனரில் இது ரொம்பச் சுலபம். முன்னும், பின்னும் உள்ள நாலு மட்கார்டுகளும் போல்ட் போட்டுத்தான் மாட்டியிருக்கும். ஸ்பேனரால் கழற்றி, புதிதை மாட்டி விடலாம். 'இன்றைய கார்களில் இப்படி இருக்கக் கூடாதா?' என்று பெருமூச்சு விடுகிற மெக்கானிக்குகள் உண்டு. துருப்பிடித்த போல்ட்டுகள் மட்டும் லேசில் வராது. எண்ணெய் விட்டு, ஊற வைத்து, கெஞ்சிக் கூத்தாட வேண்டும்.

இனிதான் முக்கியமான கட்டம். 'சில்' பகுதியை வெட்டி எடுத்து விட்டால், கார் நடுவில் தொய்ந்து விடும் இல்லையா? தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தால், கோணலும் நிரந்தரமாகி விடும். அப்புறம் கதவு மூடாது, மூடினால் திறக்காது!

அதைத் தடுக்க, கதவு இருக்கும் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, முட்டுக் கொடுத்து விடுவர். உடைந்த கைக்கு மாவுக்கட்டுப் போடுவது போல! கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை முதலிலேயே அளந்து எழுதி வைப்பர். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டுவர். அந்தப் பக்கம் முழுதாக முடிந்த பிறகே, அடுத்த பக்கம். கூரை மடங்கும் கார் என்றால், இன்னும் கூடுதல் கவனம். மேலே தாங்கிப் பிடிக்க கூரை இல்லையே!

பொட்டுப் பொட்டாக...

தொழிற்சாலையில் இந்தத் தகடுகளை எப்படி ஒட்டினர் தெரியுமா? இரண்டு தகடுகளை அடுக்கி, மேலும், கீழும் இரண்டு தாமிரக் கம்பிகளால் நண்டு கிள்ளுவது போல் அழுத்தி, மின்சாரத்தைப் பாய்ச்சினர். கண் இமைக்கும் நேரத்தில், அந்த இடம் மட்டும் உருகி ஒட்டிக் கொள்ளும். சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒரு வட்டப் பொட்டு. இதற்கு 'ஸ்பாட் வெல்டிங்' என்று பெயர்.

பழைய தகட்டை எடுக்க, இந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். துருவும், பெயின்ட்டும் அவற்றை மறைத்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். பிறகு, இதற்கென்றே உள்ள டிரில் முனையால், மேல் தகட்டை மட்டும் வட்டமாகக் குடைந்து எடுப்பர். கீழே இருப்பது நல்ல தகடு. அதில் ஓட்டை விழக் கூடாது. பொறுமைசாலிகளுக்கு மட்டுமே ஏற்ற வேலை. அவசரக்காரர்கள் உளியால் தட்டிப் பிய்த்து விட்டு, பிறகு வருந்துவர்.

மற்ற இடங்களை அறுக்க, கிரைண்டர் பயன்படும். இட்லிக்கு மாவு அரைப்பது அல்ல... சுழலும் சக்கரம் பொருத்திய கை மெஷின்! துரு தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல், பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். துருவின் மேல் வெல்டிங் நிற்காது.

புதுத் தகடு எங்கே கிடைக்கும்? கார் கம்பெனி அதை நிறுத்தி அரை நூற்றாண்டு ஆகி விட்டதே! இதற்கென்றே சில நிறுவனங்கள் பாகங்களைத் தயாரிக்கின்றன. நம் பக்கத்து நாடான இலங்கைக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே மோரிஸ் மைனர் மிகவும் பிரபலம். 1990களில், மைனருக்கான தகடுப் பாகங்களை இலங்கையில் தயாரித்து, பிரிட்டனுக்கே கப்பலில் அனுப்பினர். பிள்ளையார் பிடித்த ஊருக்கே பிள்ளையார் அனுப்பிய கதை! 'எம்.ஜி.பி.,' என்ற இன்னொரு பிரிட்டிஷ் காருக்கு, அதன் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988ல் முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். உற்பத்தி நின்று 8 ஆண்டுகள் ஆன காருக்கு, புத்தம் புது உடம்பு!

சின்ன ஒட்டு என்றால், வாங்கத் தேவையில்லை. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, சரியாக வந்ததும், அதே அளவில் தகட்டை வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்துக் கொள்வர். தையல்காரர் பேப்பர் கட்டிங் போடுவது மாதிரிதான்.

இரும்பைத் தைப்பது எப்படி?

புதுத் தகட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவை மாட்டி, மூடித் திறந்து பார்ப்பர். இடைவெளி சரியாக இருந்தால்தான் வெல்டிங்.

பட்டறைகளில் பெரும்பாலும் பயன்படுவது, 'மிக்' வெல்டிங். நம் ஊரில் 'சி.ஓ.2 வெல்டிங்' என்பர். துப்பாக்கி போன்ற கைப்பிடியின் விசையை அழுத்தினால், நூல் போல மெல்லிய கம்பி வெளியே வந்து கொண்டே இருக்கும். அதன் நுனியில் மின்பொறி எரிந்து, கம்பியும் உருகி, தகட்டின் ஓரங்களும் உருகி, இரண்டும் கலந்து ஒன்றாகி விடும். இரும்பு உருக, சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை என்றால், அந்தப் பொறியின் சூட்டைக் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்! கைப்பிடி வழியாக வாயுவும் வந்து, உருகிய இடத்தைக் குடை போல் மூடிக் கொள்ளும். அது இல்லாவிட்டால், காற்று புகுந்து, ஆப்பத்தில் இருப்பது போல் ஓட்டை ஓட்டையாகி விடும்.

தொழிற்சாலையில் பொட்டு வைத்த இடங்களில், புதுத் தகட்டில் துளை போட்டு, அந்தத் துளையை உருகிய இரும்பால் நிரப்புவர். கீழ்த் தகட்டோடு அது கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும்.

ஓரங்களைச் சேர்ப்பதில்தான் திறமை தெரியும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்தால், தகடு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து விடும். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி இழுப்பதால் வரும் வினை இது. அதனால், இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வைப்பர். சூடு ஆறிய பிறகே அடுத்த புள்ளி. பாட்டி கோலத்துக்குப் புள்ளி வைத்து, பிறகு இழையால் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே முறைதான்!

ஒரு எச்சரிக்கை, குட்டீஸ். தெருவோரப் பட்டறையில் வெல்டிங் நடந்தால், வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர்கள், கண்ணின் மேற்பரப்பைச் சுட்டு விடும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்தும். வெல்டிங் செய்பவர்கள் முகமூடி அணிவது இதற்காகத்தான்.

மரக் காரும் உண்டு!

மோரிஸ் மைனரில் 'டிராவலர்' என்றொரு வகை, 1953ல் வந்தது. அதன் பின்பாதி, மரச்சட்டத்தால் ஆனது. அழகுக்காக ஒட்டிய மரம் என்று நினைக்காதீர்கள். பின்பக்கத்தைத் தாங்குவதே அந்த மரம்தான்! எனவே, அதற்குத் துருவும் எதிரி. உளுத்துப் போவதும் எதிரி. வெல்டரோடு சேர்த்து, தச்சரையும் கூப்பிட வேண்டும். மரம் இற்றுப் போயிருந்தால், பரிசோதனையில் கார் 'பெயில்' ஆகி விடும்.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக் கொண்டே போனால், அது பழைய கார்தானா என்று ஒரு கேள்வி வரும். பழங்கால கிரேக்கர்களும், தீசியஸ் என்ற வீரனின் கப்பலைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு மண்டையை உடைத்துக் கொண்டனர். பலகை எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, அது தீசியஸின் கப்பல்தானா? நல்ல டிங்கர்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கின்றனர். எதை மாற்றியே ஆக வேண்டுமோ, அதை மட்டும் மாற்றுவர். உள்ளங்கை அளவு ஓட்டைக்காக, ஒரு முழுத் தகட்டைக் கிழித்து எறிய மாட்டார்கள். அதுதான் சரி என்று தோன்றுகிறது.

2018 மே மாதம் பிரிட்டனில் விதி மாறியது. 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு, வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை என்று அறிவித்தனர். ஆனாலும், கார் பத்திரமான நிலையில் இருக்க வேண்டியது சொந்தக்காரரின் பொறுப்பு. 'சில்' உள்ளே என்ன இருக்கிறது என்று வேறு யாரும் வந்து குத்திப் பார்க்கப் போவதில்லை. அதனால், பலர் தாமாகவே விரும்பி இன்னமும் காரைப் பரிசோதனைக்குக் கொண்டு போகின்றனர்.

வெல்டிங் முடிந்தால், வேலை முடிந்து விடாது. மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, துருத் தடுப்பு பிரைமர் அடிப்பர். மூட்டுகளில் தண்ணீர் புகாமல் பசை பூசுவர். அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்ப்பர். இவை அடைபட்டால், வாளி கதைதான்! கடைசியாக, நீளமான குழாயை நுழைத்து, 'சில்' பெட்டிக்குள் மெழுகைப் பீய்ச்சி அடிப்பர். அது உள்ளே எல்லா மூலைகளிலும் படிந்து, தண்ணீரை இரும்பிடம் அண்ட விடாது.

அடித்த சில நாட்களில் நல்ல வெயில் வந்தால், அந்த மெழுகு இளகி, துளைகள் வழியாகத் தரையில் சொட்டும். பழுப்பு நிறத்தில் கறை விழுந்ததைப் பார்த்து, வீட்டில் உள்ளவர்கள் திட்டுவர். காரின் சொந்தக்காரருக்கோ பரம சந்தோஷம். மெழுகு கடைசி மூலை வரை போய்ச் சேர்ந்து விட்டது, துளைகளும் திறந்திருக்கின்றன!